தாமிரபரணிக் கரையில் ஆசிரியரும் மாணவரும்

2023 ஆகஸ்ட் தொடக்கத்தில், நாங்குநேரியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவர் வள்ளியூரில் தாம் படித்துவந்த பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் சிலர் கொடுத்த தொல்லை தாங்கவில்லை. நன்றாகப் படிக்கிற பையனைச் சில நாளாகக் காணவில்லையே என்று பள்ளியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதன் பிறகு தாயும் மகனும் பள்ளிக்கு வந்தார்கள். நடந்ததை எழுதிக் கொடுத்தார் மாணவர். ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, சக மாணவர்கள் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

தமிழ்நாடே அதிர்ந்த இந்த நிகழ்வில் பலரும் கடந்துபோன ஓர் இடம் உண்டு. வகுப்பில் ஓர் இருக்கை காலியாக இருப்பது ஆசிரியர் கண்ணில் பட்டது. அவர் கூப்பிட்டார். மாணவரும் நம்பி வந்தார். கல்வி என்று நாம் சொல்லும் அவ்வளவும் நிற்பது இந்த இரண்டு பேருக்கு நடுவே உள்ள நம்பிக்கையின் மேல்தான். அந்த நம்பிக்கை அங்கே இருந்தது. அதைக் காப்பாற்றும் ஏற்பாடுதான் இல்லை. புகாரை வாங்கிய பள்ளிக்கு, அன்று இரவு அந்தப் பையனுக்கு என்ன ஆகக்கூடும் என்று யோசிக்க ஒரு நடைமுறையும் கிடையாது, கேட்க ஓர் அலுவலரும் கிடையாது. மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஆசிரியரையும் மாணவரையும் பாதிக்கும் காரணிகள் எவை என்று கேட்டால் பாடத்திட்டம், தேர்வு, வறுமை, கைபேசி என்று வழக்கமான பட்டியல் ஒன்று வரும். பொய்யான பட்டியல் அல்ல. ஆயினும் திருநெல்வேலிச் சீமையை வைத்துப் பார்த்தால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கும் அளவுக்கு அறிந்த ஓர் ஆசிரியர் அந்தப் பள்ளியில் நிலைத்து இருக்கிறாரா? இருந்தால் அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

இந்தக் கேள்வியை இந்த ஊரில் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த கிறித்தவ மிஷனரி ரேனியஸ் ஐயர், 1838இல் அங்கேயே இறக்கும்வரை ஊர் ஊராகப் பள்ளிகளைத் தொடங்கினார். கால்டுவெல் இடையன்குடியிலும், ஜி. யு. போப் சாயர்புரத்திலும் பள்ளி நடத்தினார்கள். 1878இல் தூய யோவான் கல்லூரியும் இந்துக் கல்லூரியும் கல்லூரி நிலைக்கு வந்தன. தென்னிந்தியப் பெண்கள் கல்லூரிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தோன்றின. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இங்கே தனிப் பள்ளிகள் வந்துவிட்டன. பாரதி படித்தது இந்துக் கல்லூரிப் பள்ளியில். புதுமைப்பித்தன் பட்டம் பெற்றதும் அந்தக் கல்லூரியில்தான். பின்னாளில் மருத்துவக் கல்லூரி 1965இலும், அரசுப் பொறியியல் கல்லூரி 1981இலும், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இலும் வந்து சேர்ந்தன.

பெருமைப்பட வேண்டிய வரலாறு. பெருமையோடு நின்றுவிடுவதால் மறைந்துபோவதும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தென்காசியும் சேர்ந்திருந்த அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எழுத்தறிவு 82.5 விழுக்காடு. மாநிலச் சராசரி 80.1. பக்கத்துத் தூத்துக்குடி 86, கன்னியாகுமரி 91.7. ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய மாவட்டம் மாநிலச் சராசரியை இரண்டரைப் புள்ளியில்தான் தாண்டியிருந்தது; அண்டை மாவட்டங்கள் இரண்டுக்கும் பின்னால் இருந்தது. கல்லூரிகளும் பெயர்பெற்ற பள்ளிகளும் பாளையங்கோட்டையின் சில தெருக்களில் நெருங்கி நிற்கின்றன. மானாவாரி நிலங்களுக்குப் போகப் போக, நல்ல பள்ளி என்பது பேருந்து ஏறிப் போய்ச் சேர வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

அந்தப் பேருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்த பிள்ளை மேல்நிலைப் படிப்புக்கு வெளியூர் போகிறது. போகிற வழியில் மூன்று நான்கு ஊர்கள். ஒவ்வொரு ஊரின் நுழைவிலும் மின்கம்பத்தில் ஒரு வண்ணம், சுவரில் ஒரு தலைவர் படம், கொடிக்கம்பத்தில் ஒரு கொடி. எந்த நிறுத்தத்தில் ஏறுகிறான் என்பதை வைத்தே ஒரு பையன் எந்தத் தெரு என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவன் ஒரு பாடம் படித்துவிட்டுத்தான் வகுப்பில் வந்து உட்காருகிறான். கோயில் கொடைக்கு அடித்த பனியன், கைபேசியில் வைக்கும் ஸ்டேட்டஸ், ரீல்ஸுக்குப் போடும் பாட்டு எல்லாம் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு அதன் அடையாள அட்டை.

கயிற்றின் கதையை அதிகாரிகள் நெடுநாளாக அறிவார்கள். 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கட்டுகிறார்கள், அவற்றை வைத்து விளையாட்டுக்கு ஆள் சேர்ப்பதும் மதிய வேளையில் கூடுவதும் நடக்கிறது, இதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்ப்புக் கிளம்பியதும் பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். மூன்றாண்டு கூட முழுதாக ஆகவில்லை. 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் கயிற்றை ஒட்டி எழுந்த தகராறில் தாக்கப்பட்ட பிளஸ் டூ மாணவர், சில நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். பிளஸ் ஒன் மாணவர்கள் கைதானார்கள். ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்தப் பணியிடை நீக்கத்தை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் ஆசிரியருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். பையனின் அப்பா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வருவார். அது சாமி கயிறு, அதைத் தொட உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பார். ஆசிரியர் என்ன சாதி என்ற விசாரணையும் தொடங்கும். அவரும் அதே சாதி என்றால் நம்மாள் இப்படிச் செய்யலாமா என்பார்கள். வேறு சாதி என்றால் வேண்டுமென்றே செய்தார் என்பார்கள். தலைமையாசிரியர் சமாதானம் பேசி அனுப்பிவைப்பார். அடுத்த முறை அந்த ஆசிரியர் கயிற்றைப் பார்க்காதது போல் போவார். 2019 சுற்றறிக்கையைப் பின்வாங்கியபோது அரசு அதிகாரி ஒருவருக்கே கிடைக்காத பாதுகாப்பு, கிராமத்துப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கு எங்கிருந்து கிடைக்கும்? பிறகு அசம்பாவிதம் நடந்தால் கவனிக்கவில்லை என்று அவரை முதலில் தண்டிப்பது நியாயமாகாது. கண்டும் காணாமல் இருக்க ஆசிரியர்களை இந்த அமைப்புதான் பழக்கியிருக்கிறது. ஆசிரியர்களிலேயே சாதி பார்க்கிறவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நாங்குநேரி நிகழ்வுக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு, 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, கயிறும் மோதிரமும் நெற்றி அடையாளமும் கூடாது என்பது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைப்பது, ஒரு பகுதியில் எண்ணிக்கையில் மிகுந்த சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ போடாமல் இருப்பது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடம் மாற்றுவது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இல்லாமல் பார்ப்பது என்று பரிந்துரைகள் நீளும். வெளியே பெரிய சர்ச்சையானவை கயிறும் நெற்றி அடையாளமும். எனக்கு மிக முக்கியமாகப் படுவன இரண்டு. ஒன்று, மாணவரின் உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லக் கூடாது என்பது. ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் பெயரை வாசித்து எழுந்து நிற்கச் சொன்ன வகுப்பறைகளில் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மற்றது, பள்ளி நல அலுவலர் என்ற பதவி. புகாரை வாங்கவும், ஆபத்தை எடைபோடவும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் வேண்டிய ஆள். வள்ளியூரில் இல்லாதுபோன ஆள்.

இடமாற்றப் பரிந்துரை குறித்து எனக்கு ஓர் அச்சம் உண்டு. சாதிப் பிடியை அறுக்க அது உதவும். ஆனால் ஓர் ஊரில் பத்து, பதினைந்து ஆண்டு இருந்து, அண்ணனுக்கும் பாடம் எடுத்துத் தம்பிக்கும் பாடம் எடுத்து, எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்துவைத்திருக்கும் ஆசிரியரையும் அது அகற்றும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை மாற்றுவதையும் பாடம் எடுப்பவர்களை மாற்றுவதையும் ஒரே அளவுகோலால் அளக்காமல் இருப்பது நல்லது.

இடமாற்றம் அரசுப் பள்ளிகளின் கதை. இந்தச் சீமையின் தனித்தன்மை அரசு உதவிபெறும் பள்ளிகளில் இருக்கிறது. திருமண்டலங்கள், மறைமாவட்டங்கள், சமுதாயச் சங்கங்கள், தனி அறக்கட்டளைகள் நடத்தும் இப்பள்ளிகளில் சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது. நூறாண்டுக்கு மேல் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பள்ளிகள் இவை. இன்று அவற்றில் பல, இரண்டு பக்கமும் நெருக்கப்படுகின்றன. ஆங்கில வழித் தனியார் பள்ளிகள் மாணவரை இழுக்கின்றன. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் உபரி என்று கணக்காகிறார். ஓய்வுபெற்றவர் இடத்தில் புதியவரை நியமித்தால் ஒப்புதலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒப்புதல் வரும்வரை நிர்வாகம் கொடுக்கும் சிறு தொகையில் ஓட்ட வேண்டும். நிர்வாகத் தேர்தலில் அணி மாறினால் தாளாளர் மாறுவார்; தாளாளர் மாறினால் யார் எந்தப் பள்ளிக்கு என்பதும் மாறும். பணம் கொடுத்து வேலை வாங்கும் வழக்கம் ஊரறிந்தது. கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டிய இளம் ஆசிரியர் ஒருவர், நிர்வாகத்தின் தவறைச் சுட்டிக்காட்டுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இதற்கு மேல் தகுதித் தேர்வு. ஆசிரியர் தகுதித் தேர்வு 2010இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அறிவிக்கையால் வந்தது. தமிழ்நாட்டில் 2011 நவம்பரில் நடைமுறைக்கு ஆணை வந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், முன்பே பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. பாளையங்கோட்டையைச் சுற்றிய பள்ளிகளில் பெரும்பகுதி சிறுபான்மை நிறுவனங்கள். அவற்றின் ஆசிரியர்கள் பரீட்சைக்குப் படிப்பதா, தீர்ப்புக்குக் காத்திருப்பதா என்று தவிக்கிறார்கள். இருபது ஆண்டு எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் மாலையில் தகுதித் தேர்வுப் பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். தகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியை அவர் பாதிப் பணிக்காலம் கடந்த பிறகு கேட்டால், வகுப்பறையில்தான் அதன் விலை கொடுக்கப்படும்.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலை இதைவிடப் பரிதாபம். 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்ற பாடங்களுக்காக அரசுப் பள்ளிகளில் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கடந்து அது 12,500 ஆனது. மே மாதத்தில் அதுவும் இல்லாமல் இருந்தது. கயிறு கட்டிய கைகளை ஒரே பந்தைத் தொடவைக்கக் கூடியவர் உடற்கல்வி ஆசிரியர். சுவரில் வேறு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுக்கக் கூடியவர் ஓவிய ஆசிரியர். இவர்களை வாரத்தில் மூன்று அரை நாளுக்கு வரவைத்துவிட்டு நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு. முழுநேர ஆசிரியர்களுக்கோ வகுப்பு நேரத்தை எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளத்தில் செய்யும் பதிவேற்றம் தின்கிறது. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை வேறு.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவர் சக மாணவரை அரிவாளால் வெட்டினார். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. பென்சிலை ஒட்டிய பழைய மனத்தாங்கல் என்றார்கள். சாதி இல்லாத இடத்திலும் அரிவாள் வருகிறது என்றால், சண்டையைப் பேசித் தீர்க்கும் பழக்கமே பிள்ளைகளிடம் அற்றுப்போகிறது என்று பொருள். அதைக் கவனித்துப் பேச, மனநல ஆலோசகர் என்ற ஒருவர் எத்தனை பள்ளிகளில் இருக்கிறார்?

கட்டடங்களும் காரணிதான். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுன் பகுதியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் போனது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. புத்தகமும் சான்றிதழும் ஆற்றோடு போனவர்களுக்குப் புதிதாக வழங்க ஏற்பாடு செய்தார்கள். அதைப் பாராட்ட வேண்டும். வீடு இழந்த குடும்பத்தின் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்ச் மாதப் பொதுத் தேர்வு மட்டும் வழக்கம் போலவே வந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், பாப்பாக்குடி, கடையம் பக்கம் பீடி சுற்றாத தெருவைப் பார்ப்பது அரிது. அம்மா மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனியில் எடைபோட்டு இலை கொடுக்கும்போதே இத்தனை கட்டு வர வேண்டும் என்று கணக்கு. குறைந்தால் அம்மாவின் கைக்காசு. பள்ளிவிட்டு வரும் மகள் நூல் கட்டவோ முனை மடிக்கவோ உட்காருவாள். வீட்டுப்பாடம் அதற்குப் பிறகு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்தத் தாய்மார்களின் விரல்களால்தான் இந்தப் பகுதியில் ஒரு தலைமுறைப் பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள். வீட்டைவிட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் பெண்களை அடைத்துவைத்தது அந்தத் தொழில். அதில் வந்த கூலி மகளை வெளியே அனுப்பியது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் நல நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை உண்டு. அதற்கு ஊற்றாக இருந்த பீடித் தீர்வை, சரக்கு சேவை வரி வந்தபோது ஒழிந்துபோனது. தொழிலே தேய்ந்துவருகிறது.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை நகரத்து விமர்சகர்கள் இலவசம் என்பார்கள். பீடி சுற்றும் வீட்டில் ஆயிரம் ரூபாய் என்பது அம்மா எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்து ஈட்ட வேண்டிய தொகை என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் இருந்ததை, 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டியது நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களுக்குப் பெரிய நன்மை. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அவர்களைத்தான் அதிகம் இழக்கிறோம் என்று தோன்றுகிறது. பெயிண்ட் வேலை, சென்ட்ரிங், வாழைத்தார் லோடு, சென்னைக் கடைகள் என்று பத்தாம் வகுப்பு முடித்த பையனைக் கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். தினக்கூலி கையில் வந்த பிறகு பள்ளிக்குத் திரும்புவது கடினம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அரசே ஏற்றுத்தான், 2025இல் ஆறு முதல் ஒன்பது வரை திறன் என்ற பெயரில் அடிப்படைப் பயிற்சியைக் கொண்டுவந்தது. பிளஸ் ஒன் பொதுத் தேர்வை அதே ஆண்டு நீக்கியதும் நல்ல முடிவு. தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத் தேர்வு என்ற பாரத்தில், இடையில் கழன்று போனவர்கள் பலர்.

கல்லூரிக்கு வந்தால் காட்சி மாறுகிறது, சிக்கல் மாறவில்லை. 2021–22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்தியா முழுவதற்கும் 28.4. சேர்ந்தவர்களுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அரசுக் கல்லூரிகளில் பெரும் எண்ணிக்கையில் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம். இத்தகையோருக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே சொல்லிவிட்டது. உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கல்லூரிகள்: அரசு ஊதியப் பிரிவு, சுயநிதிப் பிரிவு. முதல் பிரிவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. பக்கத்து அறையில், அதே பாடத்தை, அதே முனைவர் பட்டத்தோடு எடுப்பவருக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராகப் போய் மாணவர் பிடித்துவரும் வேலையும் சுயநிதி ஆசிரியர் தலையில்தான் விழும்.

இவர்களுக்கு நிரந்தரப் பணி என்ற கதவு எப்படித் திறக்கும்? உதவிப் பேராசிரியர் தகுதிக்கான மாநிலத் தேர்வை 2024இல் நடத்தும் பொறுப்பு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. ஜூன் 7, 8 தேதிகளில் நடக்கவேண்டிய தேர்வு, தொழில்நுட்பக் காரணம் சொல்லிக் கடைசி நேரத்தில் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கைக்குப் போய் 2025 மார்ச்சில் நடந்தது. அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுக்க 2024 மார்ச்சில் வந்த அறிவிப்பும் சொன்னபடி அந்த ஆகஸ்டில் தேர்வாக மாறவில்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் ஒவ்வோர் அறிவிப்புக்கும் விண்ணப்பித்துக்கொண்டே முதலாண்டு மாணவருக்குப் பாடம் எடுக்கும் ஒருவர், அந்த மாணவரின் வாழ்க்கையைப் பற்றிக் கவலைப்படும் மனநிலையில் எப்படி இருப்பார்? ஆச்சரியம் என்னவென்றால், இருக்கிறார்கள். கட்டணம் கட்ட முடியாத மாணவிக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுக்கும் சுயநிதி ஆசிரியைகள் இந்த ஊரில் உண்டு. அவர்களுடைய நல்ல மனத்தை நம்பி ஒரு கல்வி அமைப்பை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர் ஒருவர் என்ன செய்யக்கூடும் என்பதற்கு நாங்குநேரியே சான்று. 1917இல் அங்கே பிறந்த நா. வானமாமலை, பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். தேர்வில் தவறியவர்களும் கல்லூரி வாசலை எட்டாதவர்களும் அவரிடம் வந்தார்கள். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் ஆராய்ச்சி இதழ். எந்தப் பல்கலைக்கழகத்தின் பணமும் இல்லாமல், கதைப்பாடல்களையும் நாட்டார் வழக்காறுகளையும் சமூக வரலாற்றுச் சான்றாகப் படிக்க ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்த வட்டத்திலிருந்து வந்தார்கள். அந்தக் கூட்டங்களில் பட்டமோ பதவியோ சாதியோ யாருக்கும் தனி நாற்காலி வாங்கித் தரவில்லை. முத்துப்பட்டன், கட்டபொம்மன், கான்சாகிபு கதைப்பாடல்களைப் பதிப்பித்தவர் அவர். சாதி கடந்து மணந்தவனைத் தெய்வமாக வைத்துப் பாடும் முத்துப்பட்டன் கதை, பாபநாசத்து மலையடிவாரத்தில் இன்றும் வில்லுப்பாட்டாக ஒலிக்கிறது. நாங்குநேரி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் அந்தக் கதையை வகுப்பில் வைத்துப் பேச ஓர் ஆசிரியருக்கு இன்று துணிவு வருமா? வராது என்றால், அந்தத் துணிவை அவரிடமிருந்து பறித்தவர்களில் நிர்வாகமும் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் உண்டு.

நாங்குநேரி மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, உதவியாளர் துணையோடு பிளஸ் டூ தேர்வு எழுதித் தேறிக் கல்லூரியில் சேர்ந்தார். அது அவருடைய மன உறுதி. அதை அரசின் சாதனையாகவோ சமூகத்தின் மனமாற்றமாகவோ எழுதிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இதை வாசிப்பவர்களில் பலர் இந்த ஆற்றங்கரைப் பள்ளிகளில் படித்துச் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்களாக இருப்பீர்கள். நூற்றாண்டு விழாவுக்கு வளைவு கட்டவும், கடிகாரக் கோபுரத்துக்கு வண்ணம் பூசவும் பணம் அனுப்பியிருப்பீர்கள். அடுத்த முறை பழைய மாணவர் கூட்டத்துக்குப் போகும்போது தலைமையாசிரியரிடம் சில கேள்விகள் கேளுங்கள். எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது? பகுதிநேரமாகவும் தற்காலிகமாகவும் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? ஒரு பிள்ளை எழுதிக் கொடுக்கும் புகார் யார் மேசைக்குப் போகிறது, அன்றைய தினமே அதன் மேல் என்ன நடக்கிறது? பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தக் குழுவில் எந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள்.